பேராச்சி கொடுத்த நற்சான்று

ஐம்பத்தெட்டு வயதுக்குள் பேராச்சி ஒரே ஒருத்தியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் நல்லதாகச் சொன்னாள். அதில்தான் அந்தப் பெண்ணின் பிழைப்பே போகப் பார்த்தது.

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து அவளுடையது. வாசற்படியில் உட்கார்ந்து ஜீன்ஸ் பேண்டுகளில் தொங்கும் நூலை வெட்டுவது வேலை. பட்டறையிலிருந்து காலையில் மூட்டை வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். கை நூலைப் பார்க்கும். கண் சந்தைப் பார்க்கும். யார் வீட்டில் என்ன மீன், யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள், எந்த மருமகள் யாரிடம் போனில் சிரித்தாள், எல்லாம் நாள் கிழமையோடு அவளுக்குத் தெரியும். சந்தில் கேமரா வைக்கலாம் என்று போன வருஷம் பேச்சு வந்தபோது, "எதுக்கு வீண் செலவு? அதான் பேராச்சி இருக்காள்லா" என்று பக்கத்து வீட்டுக் கணேசபாண்டியன் சொன்னான். அதை அவள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வருகிறவர்களும் முதலில் அவள் படிக்குத்தான் வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு அது முறை. பெண் வீட்டில் காபி குடிக்கும் முன்னால் அக்கம்பக்கத்தில் சும்மா போகிறவர்கள் மாதிரி நின்று விசாரித்தாக வேண்டும். அநேகமாகப் பேராச்சி வாய்விட்டுப் பழிக்க வேண்டியதே வராது. "நல்ல பிள்ளைதான்... எதுக்கும் நாலு இடத்துல கேட்டுக்கோங்க" என்பாள். அது போதும். வந்தவர்கள் காபி குடிக்காமலே போய்விடுவார்கள்.

எதிர் வீட்டு மாடியில், இரும்பு ஏணி ஏறிப் போனால் இருக்கும் ஒற்றை அறையில் கலைச்செல்வியும் அவள் மகள் மாரிசெல்வியும். மாரிசெல்விக்கு முப்பத்தொன்று. சாஃப்ட்பால் என்று ஒரு விளையாட்டு. அதில் அவள் பந்து எறிகிறவள். பள்ளிக்கூடத்தில் தொடங்கியது, மாநிலத்துக்காக ஆடி ஒன்பது தேசியப் போட்டிகளில் தங்கம் என்கிறார்கள். சந்தில் யாரும் ஒன்றையும் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கு அரை டிராயரோடு ஏணியில் இறங்கும் பெண்ணையும், அவள் முதுகில் ஆள் உயரப் பையையும்தான். "கையை ராட்டினம் கணக்கா சுத்துதா. இதுக்கு டிரெயின் ஏத்திக் கூட்டிட்டுப் போறானுவளாம்" என்று பேராச்சி பத்து வருஷமாகச் சொல்லி வந்தாள்.

காட்கோபரிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்து, விசாரிப்போடு நின்றுபோனது. எட்டு வருஷம் ஆயிற்று. ஏன் நின்றது என்று கலைச்செல்விக்குத் தெரியாது. பேராச்சிக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த ஏணியை யாரும் விசாரித்து வரவே இல்லை. கலைச்செல்வி கோயிலில் தனியாக நின்று அழுததை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்தமுறை எவன் வந்து கேட்டாலும் வாய் நிறைய நல்லதே சொல்வது என்று பேராச்சி பேச்சியம்மனிடம் நேர்ந்துகொண்டாள்.

அம்மன் காதில் அது விழுந்திருக்க வேண்டும். இந்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடி போட்ட ஒருவர் கையில் ஃபைலோடு வந்து நின்றார். கூட மராத்திக்காரப் பெண்மணி ஒருத்தி.

"மாரிசெல்விங்கற பொண்ணைப் பத்தி விசாரிக்கணும். நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கேளா?"

பேச்சைக் கேட்டதுமே பேராச்சி கணக்குப் போட்டுவிட்டாள். மாட்டுங்கா ஐயர். கல்யாண மையம் நடத்துகிறவர். கூட வந்தது மாப்பிள்ளைக்கு அத்தையாக இருக்கும். அப்படியானால் மாப்பிள்ளை மராத்தி! முப்பத்தொன்று ஆகிவிட்ட பெண்ணுக்கு இனி எவனாக இருந்தால் என்ன?

"முப்பத்திரண்டு வருசமா இருக்கேன் சாமி. அவ பொறந்தப்ப வென்னி வச்சுக் குளிப்பாட்டினவளே நாந்தான். தங்கமான பிள்ளை."

"விளையாட்டுல ரொம்ப ஈடுபாடுன்னு சொன்னாளே?"

பேராச்சிக்குச் சுருக்கென்றது. எவளோ முந்திக்கொண்டு வத்தி வைத்துவிட்டாள்.

"வெளாட்டா? யாரு, மாரியா? யாரு சாமி உங்ககிட்ட இப்படி இல்லாததும் பொல்லாததும் சொன்னது? பந்தைக் கண்டாலே ஒதுங்கிப் போற பிள்ளை அது."

"டீமோட வெளியூரெல்லாம் போவாளாமே?"

"மாஹிமைத் தாண்டி அவளுக்கு வழி தெரியாது. கடைக்குப் போனாக்கூட அம்மா துணைக்குப் போகணும். வீடு உண்டு, அடுப்பு உண்டுன்னு கெடப்பா."

கண்ணாடிக்காரர் மராத்தியில் சொல்லச் சொல்ல அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டாள். "எழுதிக்கோம்மா, நல்லா எழுதிக்கோ" என்று பேராச்சி உற்சாகப்படுத்தினாள். கடைசியில் ஒரு கையெழுத்து கேட்டார்கள். விசாரிப்புக்குக் கையெழுத்து வாங்கி அவள் பார்த்ததில்லை. மாட்டுங்காக்காரர்கள் எதையும் முறையாகச் செய்வார்கள் என்று நினைத்து, நூல் வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் 'பேராச்சி' என்று போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது.

குழாயடியில் கலைச்செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைக் கணேசபாண்டியன் படித்து எல்லாருக்கும் தமிழில் சொன்னான். விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மாரிசெல்விக்குச் சர்க்கார் வேலை தயாராக இருந்தது. ஆனால் எங்கோ போலிச் சான்றிதழ் விற்ற கும்பல் பிடிபட்டதால் எல்லாருடையதையும் சரிபார்க்கிறார்கள். இவளுடைய பழைய சான்றிதழ்களுக்கான பதிவேடுகள் மழைவெள்ளத்தில் போய்விட்டன. அதனால் வீட்டுப் பக்கம் ஆளனுப்பி விசாரித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்ட வாக்குமூலத்தின்படி இந்தப் பெண் வாழ்நாளில் விளையாடியதே இல்லை. புதன்கிழமை நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் வேலை ரத்து, ஒன்பது சான்றிதழும் ரத்து, போலீஸ் கேஸ்.

அந்தக் குழாயடி வரலாற்றில் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் சண்டை போடாத காலை அது ஒன்றுதான்.

"எந்த மூதேவி சொன்னாளோ, அவ நாக்கு அழுகிப் போக!" என்றாள் அதே சந்தில் குடியிருக்கும் ஆறுமுகத்தாய்.

"அழுகித்தான் போகும்" என்று பேராச்சியின் வாயும் கூடவே சொன்னது. பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் அந்த வாக்குமூலம் யாருடையது என்று உறைத்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகலில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை என்பதால், அவளுக்கு நெஞ்சுவலி என்று அரைமணி நேரத்தில் சந்து முழுக்கப் பரவிற்று.

மறுநாள் சயானில் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனாள். மாரிசெல்வி தினமும் போகும் மைதானம் அங்கேதான் என்று பத்து வருஷமாகத் தெரியும். போனது இதுதான் முதல் தடவை.

தேவ்நார், செம்பூர், தாராவி என்று பல பக்கத்துப் பெண்பிள்ளைகள் பதினான்கு பேர் வரிசையாக நின்று பந்து எறிந்துகொண்டிருந்தார்கள். பேராச்சியைத் திடுக்கிட வைத்தது பந்து அல்ல. எறியும் முன்னால் ஒவ்வொருத்தியும் இடது தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினான்கு பேரும். மாரிசெல்விக்கு மூன்று வயதில் சளி ஒழுகும்போது வந்த பழக்கம் அது. அதற்காகப் பேராச்சியே அவளைத் தலையில் குட்டியிருக்கிறாள். அந்த மூக்குத் துடைப்பு இங்கே வித்தையின் ஒரு பாகமாகிவிட்டிருந்தது.

"அது எதுக்குட்டி?" என்று ஒருத்தியிடம் கேட்டாள்.

"மாரி தீதி அப்படித்தான் செய்வாங்க ஆன்ட்டி. அப்பத்தான் பந்து ஏறும்."

பிறகு மாரிசெல்வி வந்து தரையில் பதித்திருந்த வெள்ளைப் பலகையில் காலை வைத்தாள். பந்தும் கையுறையும் இடுப்பருகே ஒரு நொடி சேர்ந்து நின்றன. வலது கை மேலே போய், முழு வட்டம் சுற்றி, தொடையை உரசிக்கொண்டு இறங்கியது. பேராச்சி பந்தைப் பார்க்கவே இல்லை. எதிரே குந்தி உட்கார்ந்திருந்த பெண்ணின் கையுறையில் வெடிச்சத்தம்தான் கேட்டது. மட்டையோடு நின்றவள் காற்றைத் துழாவிவிட்டுச் சிரித்தாள். அடுத்தது கொஞ்சம் கண்ணில் பட்டது. சாத்துக்குடியைவிடப் பெரிய மஞ்சள் பந்து, முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போய், கிட்டே போனதும் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி மேலே ஏறியது.

"அம்மாடி" என்று பேராச்சி உட்கார்ந்துவிட்டாள்.

மாரிசெல்வியின் வலது முன்கையில் எப்போதும் இருக்கும் கன்றல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்தது. தொடையில் உரசி, தினம் இருநூறு தடவை. அந்தக் கன்றலுக்குப் பேராச்சி சந்தில் வேறொரு விளக்கம் சொல்லி வைத்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் மாரிசெல்வி ஓடி வந்தாள். "அத்தை! அம்மாக்கு என்னாச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லட்டி. அந்தக் கையெழுத்து... நாந்தான் போட்டேன்."

மாரிசெல்வி கையுறையைக் கழற்றினாள்.

"மாப்பிள்ளை வீடுன்னு நெனைச்சேன். வெளாடுத பொண்ணுன்னா வேண்டாம்னு போயிருவாங்களேன்னு... நல்லதா ரெண்டு வார்த்தை..."

"நீங்க? என்னைப் பத்தி? நல்லதா?" மாரிசெல்விக்கு வேலை போகப் போகிற அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது போலிருக்கிறது. "அரே, எப்பவும் போல நாலு வசவு வச்சிருந்தா இந்நேரம் எனக்கு ஆர்டர் வந்திருக்கும் அத்தை!"

"புதன்கிழமை நானும் வாரேன். பொய்யின்னு சொல்லுதேன்."

"சொல்லணும். எனக்கு இனிமே வயசு இல்ல. தோள் போச்சு. இந்த வேலை ஒண்ணுதான் மிச்சம்." அவள் பிள்ளைகள் பக்கம் தலையை ஆட்டினாள். "நான் போலின்னு ஆனா இதுங்க பேப்பரையும் யாரும் தொட மாட்டான். எல்லாத்துலயும் கோச்னு என் கையெழுத்து இருக்கு."

புதன்கிழமை அந்த ஆபீசில் கண்ணாடிக்காரருக்கு முன்னால் பெயர்ப்பலகை இருந்தது: வெங்கடராமன், விசாரணை அதிகாரி. ஐயர் என்பது மட்டும்தான் சரி. பக்கத்தில் அதே மராத்திப் பெண்மணி, அதே நோட்டு. எதிரே மாரிசெல்வி, கலைச்செல்வி, பேராச்சி.

பேராச்சி எல்லாவற்றையும் கொட்டினாள். வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னை மாப்பிள்ளை தரகர்னு நினைச்சேளா?"

"உங்க முகவெட்டு அப்படி சாமி."

"பாருங்கோ, அன்னிக்கு விளையாடவே இல்லைன்னேள். இன்னிக்கு விளையாடினான்னு சொல்றேள். எது பொய்யின்னு நான் எப்படி முடிவு பண்றது? யாராவது சொல்லிக் கொடுத்துக் கூட்டிண்டு வந்திருக்கலாம் இல்லையா? கூட ஆடின பொண்ணுகளைக் கேட்கலாம்னா அவாளும் இதே சான்றிதழைத்தான் வச்சிண்டிருக்கா. ஃபோட்டோல எல்லாருக்கும் தொப்பி. எனக்கு வேண்டியது விளையாட்டுல சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி."

"அவ எப்ப போனா, எப்ப வந்தான்னு சொன்னாப் போதுமா?"

அவர் சிரித்தார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி பக்கத்தாத்துப் பொண்ணு என்னிக்கு ஊருக்குப் போனாள்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

கலைச்செல்வி அந்த நிலையிலும் லேசாகக் கனைத்தாள். மனுஷருக்குப் பேராச்சியைத் தெரியாது.

அவர் ஃபைலைத் தன் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார். "இரண்டாயிரத்துப் பதிமூணு."

"ரெண்டு தடவை போனா. எதைக் கேக்கிய? தீபாவளிக்கா?" பேராச்சி கண்ணை மூடிக்கொண்டாள். "தீபாவளி சனிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோவுல வந்தா. ஒரு வாரத்துக்கு மேல ஆளக் காணோம். மாவு இடிக்கக்கூட ஆள் இல்லாம இவதான் தனியா முறுக்கு சுட்டா. பெத்தவளைத் தனியா விட்டுட்டு ஊர் சுத்துதான்னு அன்னைக்குச் சொன்னேன்."

வெங்கடராமன் செல்போனில் பழைய நாட்காட்டியைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். போட்டி அக்டோபர் இருபத்தாறு முதல் முப்பத்தொன்று வரை.

"பதினாறு?"

"ஐநூறு ரூவா செல்லாதுன்னு டிவியில சொன்னாம்லா? அன்னைக்கு இவ ஊர்ல இல்ல. மறுநாள் வந்து இறங்குதா, டாக்ஸிக்காரன் நோட்டை வாங்க மாட்டேங்கான். நாந்தான் சில்லறை குடுத்தேன். இவ்ளோ பெரிய கோப்பையைத் துணியில சுத்தி வச்சிருந்தா. கடையில வாங்கியிருப்பான்னு சொன்னேன்."

அதுவும் சரியாக இருந்தது. மராத்திப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேராச்சியையே பார்த்தாள். இன்னும் ஆறு கேட்டார்கள். கரீம் பாட்சாவின் தோல் பட்டறையில் தீப்பிடித்த வாரம், மூன்றாம் வீட்டுக்காரி இரட்டைப் பிள்ளை பெற்ற அன்று, தண்ணீர் லாரி கவிழ்ந்த நாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒவ்வொரு தேதிக்கும் பேராச்சி அந்தக் காலத்தில் சொன்ன ஒரு புறணி. சான்றிதழில் 'தங்கம், சிறந்த பந்து எறிபவர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் பேராச்சியின் கணக்கில் 'ஊர் சுற்றல்', 'திமிர்', 'எவனோ வாங்கிக் கொடுத்த ஷூ' என்று இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்கே தன் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி ஒலித்தது.

"கடைசியா ஒண்ணு. பதினேழு, பிப்ரவரி. ராய்ப்பூர். இதுலதான் எங்களுக்குப் பெரிய சந்தேகம். ஃபைனல் ஒன்பதாம் தேதி முடிஞ்சுது. பரிசளிப்பு ஃபோட்டோல ஒரு ஆள் குறையறது, அது இந்தப் பொண்ணுதாங்கறா. எப்ப வந்தா?"

பேராச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஞாபகம் இல்லையா?"

"இருக்கு."

"சொல்லுங்கோ."

அவள் கலைச்செல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வியைப் பார்க்கவில்லை. "முனிசிபாலிட்டி எலெக்சனுக்கு மூணு நாளைக்கு முன்னாடி. பதினெட்டாம் தேதி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஏணியில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறினா. முகம் வெளிறிப் போயிருந்துச்சு. ரத்தமே இல்ல. ரெண்டு வாரம் வெளியில வரல." கொஞ்சம் நிறுத்தினாள். "வயித்துல வந்ததைக் கலைச்சுட்டு வந்திருக்கான்னு சொன்னேன். சந்துல சொன்னேன். அடுத்த மாசம் காட்கோபர்க்காரங்க விசாரிக்க வந்தப்பயும் அதைத்தான் சொன்னேன்."



மாரிசெல்வி பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராய்ப்பூர் ஆஸ்பத்திரித் தாள். வெங்கடராமன் மெதுவாகப் படித்தார். மட்டையில் அடிபட்டுத் திரும்பிய பந்து வயிற்றில் மோதியதில் மண்ணீரலில் கிழிவு. உள்ளே ரத்தக்கசிவு. சேர்த்த தேதி ஒன்பது. வீட்டுக்கு அனுப்பிய தேதி பதினேழு.

"ஆறாவது இன்னிங்ஸ்ல பட்டுச்சு சார்" என்றாள் மாரிசெல்வி. "ஒரு ரன்தான் லீட். கடைசி ஏழாவதையும் போட்டு முடிச்சிட்டுத்தான் விழுந்தேன். அம்மாகிட்ட சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னேன். நீங்க மெடிக்கல்ல கழிச்சிடுவீங்கன்னு பயந்து இதை ஃபைல்ல வைக்கல."

கலைச்செல்வி மகளைப் பார்ப்பதா, பேராச்சியைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் பேராச்சியிடம் மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"மதினி, அன்னைக்கு நீங்க ரசம் வச்சுக் கொண்டு வந்திய. பிள்ளைக்கு ஊட்டிக்கூட விட்டிய."

"ஆமா" என்றாள் பேராச்சி. "பாக்கத்தான் வந்தேன்."

வெங்கடராமன் தாளை மறுபடி உறைக்குள் போட்டார். பிறகு, "இதையும் வாக்குமூலத்துல எழுதணும். எழுதலாமா?" என்றார்.

"எழுதுங்க சாமி. எல்லாத்தையும் எழுதுங்க."

மராத்திப் பெண்மணி எழுதினாள். பேராச்சி எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். வெங்கடராமன் பழைய அறிக்கையின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்தார். "ஒன்பதும் நிக்கும். வேலைக்கு ஆர்டர் இந்த மாசத்துக்குள்ள வந்துடும்" என்றார். எழுந்து மாரிசெல்வியின் கையைக் குலுக்கினார். பேராச்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே படிக்கட்டில் கலைச்செல்வி முன்னால் இறங்கிப் போய்விட்டாள். மாரிசெல்வி ஒரு படியில் நின்றாள்.

"எத்தனை வீட்டுல சொன்னீங்க அத்தை?"

பேராச்சி விரல்விட்டு எண்ணினாள். இதிலும் அவளுக்கு ஞாபகம் பிசகாது. "பதினோரு வீடு. அதுல ரெண்டு வீட்டுக்காரங்க தேவ்நார் பக்கம் குடி போயிட்டாங்க."

"தேவ்நாருக்கு பஸ் இருக்கு."

"இன்னைக்கேவா?"

"அன்னைக்குச் சொல்லி முடிக்க எத்தனை நாள் ஆச்சு?"

பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு சாயங்காலம்."

"சரி" என்றாள் மாரிசெல்வி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

சந்துக்குத் திரும்பியபோது மணி நான்கு. வெட்ட வேண்டிய மூட்டை வாசலில் அப்படியே கிடந்தது. அதைத் தாண்டிக்கொண்டு பேராச்சி நேரே ஆறுமுகத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஆறுமுகத்தாய் அவள் முகத்தைப் பார்த்ததுமே டிவியை அணைத்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கண்ணெல்லாம் மின்னிற்று.

"வாங்க மதினி, வாங்க! பெருசா ஏதோ இருக்கு போலிருக்கே. யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தி" என்றாள் பேராச்சி.

ஆறுமுகத்தாய் ஆவலோடு எழுந்து கதவைச் சாத்தப் போனாள்.

"தெறந்தே வையி" என்றாள் பேராச்சி.